ராத்திரி ஒன்பது மணிக்குத் தெருவைப் பாருங்கள்: வீடு தேடுவோர் கேள்வி-பதில்

ஜூன் நெருங்கினால் மாறுதல் உத்தரவும் பள்ளிக்கூடச் சேர்க்கையும் சேர்ந்தே வரும். திருநெல்வேலிக்குக் குடி வருகிறவர்களின் கடிதங்களும் கூடவே வந்துவிடும். நில அளவையில் முப்பது வருஷம் சங்கிலி பிடித்தவன் என்ற உரிமையில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: கோவையில் வங்கி வேலை. நெல்லைக்கு மாறுதல் வந்திருக்கிறது. மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். இங்கே மிகவும் பாதுகாப்பான ஏரியா எது? உடனே பதில் தேவை.

உடனே வேண்டும் என்கிறீர்கள். கிளை டவுணிலா, ஜங்ஷனிலா, பாளையிலா, பேட்டையிலா? அதை எழுதவில்லை. பிள்ளைகளின் வயது இல்லை, வாடகைக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள் என்பதும் இல்லை. நான் என்ன ஜோசியமா பார்க்கிறேன்?

வெளியூர்க்காரர்களுக்கு இது ஒரே ஊர். நடுவே தாமிரபரணி ஓடுகிறது. மேற்கே டவுணும் ஜங்ஷனும், கிழக்கே பாளையங்கோட்டை. பேர் பெற்ற பள்ளிக்கூடங்கள் பாதிக்கு மேல் பாளைப் பக்கம். சின்னப் பிள்ளைகள் தினமும் ஆற்றைத் தாண்டிப் போய்வரக் கூடாது என்பது என் கணக்கு. காலை ஒன்பது மணிக்கு வண்ணார்பேட்டையில் ஒருநாள் நின்று பாருங்கள், ஏன் என்று தெரியும்.

உத்தியோகக் குடும்பங்கள் வழக்கமாக மகாராஜநகர், தியாகராஜநகர், பெருமாள்புரம், என்.ஜி.ஓ. காலனி என்று போவார்கள். நீங்களும் போகலாம். ஆனால் எந்த நகரிலும் ஒரு தெரு கலகலவென்று இருக்கும், இரண்டு தெரு தள்ளி விளக்கே எரியாது. வீட்டைப் பகலில் மட்டும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்காதீர்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு தடவை, மழை பெய்த மறுநாள் ஒரு தடவை போய்ப் பாருங்கள். இதை எத்தனை முறை எழுதியிருப்பேனோ, எனக்கே கணக்கில்லை.

கேள்வி: போலீஸ் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே வீடு கிடைக்கிறது. பாதுகாப்புதானே?

ஸ்டேஷனுக்குப் பாதுகாப்பு. உங்களுக்கு, எதிர்வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிற ஆச்சிதான்.

கேள்வி: மதுரையிலிருந்து செவிலியர். ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் வேலை, இரவுப் பணியும் உண்டு. தனி வீடு எடுக்கவா, விடுதியா?

முதல் ஆறு மாதம் விடுதி. ஊர் பிடிபடட்டும். பெண்கள் விடுதி நடத்துவதற்கு 2014ஆம் வருஷச் சட்டப்படி கலெக்டரிடம் உரிமம் வாங்க வேண்டும். அதைக் காட்டச் சொல்லுங்கள். கேட்டதும் முகம் சுளித்தால் பெட்டியை இறக்க வேண்டாம்.

பிறகு வீடு பார்க்கும்போது வளவு வீடாகப் பாருங்கள். ஒரே வாசல், உள்ளே ஐந்தாறு குடித்தனம், பொதுவாக ஒரு கிணறு. எத்தனை மணிக்கு வந்தாய், யார் கொண்டுவந்து விட்டார்கள், சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். தொல்லைதான். ஆனால் அறிமுகம் இல்லாதவன் ஒருத்தன் அந்த வாசலைத் தாண்டிவிட முடியாது. இரவுப் பணி இருக்கிறது என்பதை வீட்டுக்காரரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பல வளவுகளில் பத்து மணிக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். அவசர உதவிக்கு 112, பெண்கள் உதவிக்கு 181, இரண்டும் போனில் இருக்கட்டும்.

கேள்வி: சிந்துபூந்துறையில் தரைத்தள வீடு. மற்ற இடத்தைவிட வாடகை இரண்டாயிரம் குறைவு. "வெள்ளம் எப்பவோ ஒரு தடவ வந்துச்சு, இனி வராது" என்கிறார் தரகர். நம்பலாமா?

தரகருக்கு வயது முப்பதுக்குள் இருக்கும் என்று நினைக்கிறேன். 1992 நவம்பர் வெள்ளம் அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. 2023 டிசம்பரைக் கூடவா மறந்துவிட்டார்?

டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, மார்கழி பிறந்த நாள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. மலையிலும் கொட்டியது. பாபநாசம் அணையின் முழு மட்டம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி. எத்தனை அடியாக இருந்தாலும் நிறைந்துவிட்டால் வருகிற தண்ணீரை அப்படியே விடத்தான் வேண்டும். அணைக்குக் கீழே கடனாநதியும் பச்சையாறும் வேறு வந்து சேர்கின்றன. குறுக்குத்துறை முருகன் கோவில் மூழ்கியதில் ஆச்சரியமில்லை, அது ஆற்றுக்குள்ளேயே கட்டின கோவில். ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டிலும் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸிலும் தண்ணீர் நின்றது. மீனாட்சிபுரம், கைலாசபுரம், நீங்கள் கேட்கிற சிந்துபூந்துறை எல்லாம் அந்தக் கணக்கில்தான்.

இந்த ஊரில் பேரை வைத்தே பாதி பள்ளத்தைச் சொல்லிவிடலாம். துறை என்று முடிந்தால் ஆறு பக்கத்தில். குளம் என்று முடிந்தால் சொல்லவே வேண்டாம். பாட்டப்பத்து மாதிரி பத்து என்று வந்தால் ஒரு காலத்தில் வயல். இப்போது மனை போடுகிறவர்கள் இந்தப் பேரையெல்லாம் அழித்துவிட்டு, மடைக்குக் கீழே கல் நட்டு, 'கார்டன்', 'அவென்யூ' என்று போர்டு வைக்கிறார்கள். நில அளவைப் புலப்படத்தை விரித்து, "வாய்க்கால் புறம்போக்கு இந்த வழியா போகுதே, வாய்க்கால் எங்கே?" என்று நான் கேட்ட இடங்கள் உண்டு. "அதுல தண்ணி வந்து இருபது வருஷமாச்சு சார்" என்பார்கள். தண்ணீர் வராத வாய்க்கால் என்று புலப்படத்தில் தனிக் குறியீடு எதுவும் கிடையாது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். அந்த 1992 வெள்ளத்தின்போது, நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருஷம், ஆற்றோரத் தெரு ஒன்றில் வாடகைக்கு இருந்தேன். ஊரான் நிலத்தையெல்லாம் அங்குலம் அங்குலமாக அளந்தவன், என் வாசல்படி தெருவைவிட ஒரு சாண் தாழ்ந்திருந்ததைக் கவனிக்கவில்லை. கட்டிலுக்கடியில் டிரங்குப் பெட்டி. அதில் என் சான்றிதழ்களும் என் மனைவியின் கூறைச் சேலையும். தண்ணீர் வடிந்தபின் பெட்டி நிறையச் சேறு. சேலை விஷயம் இன்றைக்கும் மாதத்துக்கு ஒரு தடவை பேச்சில் வரும்.

ஆகவே போய்ப் பாருங்கள். சுவரில் இடுப்பு உயரத்துக்கு மட்டும் புதுப்பூச்சு இருக்கிறதா? மின் மீட்டரைத் தலைக்கு மேலே ஏற்றி மாட்டியிருக்கிறார்களா? பெருமழையில் கக்கூஸ் வழியாகத் தண்ணீர் மேலேறி வருமா? இதைத் தரகரிடம் கேட்காதீர்கள். தெருமுனைப் பலசரக்குக் கடைக்காரரிடம் கேளுங்கள், அரிசி மூட்டையை எத்தனாவது தட்டில் ஏற்றினார் என்பது வரை சொல்லுவார். மாடி வீடு என்றால் எடுத்துக்கொள்ளுங்கள், நல்ல தெருக்கள்தான், அக்கம்பக்கமும் அருமை. தரைத்தளம் வேண்டாம். வருஷத்துக்கு 24,000 மிச்சம் என்று பார்த்தால், ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் ஒரே ராத்திரியில் அதைத் தின்றுவிடும்.

கேள்வி: பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கிறார்கள். சரியா?

2017ஆம் வருஷ வாடகைச் சட்டம் மூன்று மாதம் என்கிறது. நீங்கள் இருவரும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் அதுதான். பேரம் பேசுங்கள். எழுதின ஒப்பந்தத்தைப் பதிவும் செய்யுங்கள்.

கேள்வி: பாளையில் ஐந்து லட்சத்துக்கு ஒத்தி வீடு. இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதித் தருகிறேன் என்கிறார் வீட்டுக்காரர்.

ஐந்து லட்சத்துக்கு இருபது ரூபாய்த் தாளா! நூறு ரூபாய்க்கு மேல் எந்த ஒத்தியும் பதிவாகியிருக்க வேண்டும். வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். அசல் பத்திரத்தைக் கண்ணால் பாருங்கள். நகலை மட்டும் நீட்டினால், அசல் ஏதோ ஒரு வங்கியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நம்ம ஆளுங்க அதிகம் இருக்கிற பகுதி எது? பாதுகாப்புக்காகத்தான் கேட்கிறேன்.

எந்த ஆள் என்று எழுதாமல் விட்டீர்கள். எழுதியிருந்தாலும் பதில் சொல்லமாட்டேன். வீட்டுக்காரர்களும் இதையே "பூர்வீகம் எது?" என்று சுற்றி வளைத்துக் கேட்கிறார்கள். ஊர்ப் பேரைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். பள்ளிப் பிள்ளைகள் கையில் சாதிக் கயிறு கூடாது என்று ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு 2024இல் அறிக்கை கொடுத்தது. பெரியவர்கள் நாம் வாடகை வீட்டில் அந்தக் கயிற்றைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: துபாயில் இருக்கிறேன். ஆன்லைனில் வீடு பார்த்தேன். ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லும் உரிமையாளர், சாவியைக் கூரியரில் அனுப்ப டோக்கன் பணம் கேட்கிறார்.

அனுப்பாதீர்கள். அனுப்பிவிட்டிருந்தால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு, ஊரில் இருக்கிற யாரையாவது சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: ரெட்டியார்பட்டிப் பக்கம் புது மனையில் தனி வீடு. சுற்றிலும் காலி மனை. வயதான பெற்றோர் மட்டும் இருப்பார்கள்.

காற்று நன்றாக வரும். பாம்பும் வரும். வாசலில் விறகு, உடைந்த ஓடு எதையும் குவிக்காதீர்கள். ராத்திரி டார்ச் இல்லாமல் புறவாசலுக்குப் போக வேண்டாம். திருவிழாவுக்கு ஊருக்குப் போகும்போது வீடு பூட்டியிருக்கும் என்று ஸ்டேஷனில் சொல்லிவிட்டு, பாலை நிறுத்திவிட்டுப் போகச் சொல்லுங்கள். நாலைந்து நாள் பால் பாக்கெட் வாசலில் கிடந்தால், அதைவிடப் பெரிய போர்டு வேண்டியதில்லை. என்னைக் கேட்டால், சுற்றி நாலு வீடு எழும்புகிற வரை பெற்றோர் ஊருக்குள்ளேயே இருக்கட்டும்.

கேள்வி: நெல்லையில் தெரு நாய் தொல்லை எப்படி?

ராத்திரி ஒன்பது மணிக்குப் போய்ப் பாருங்கள் என்றேனே, அப்போது அதுவும் தெரிந்துவிடும். பைக்கை மெதுவாக ஓட்டுங்கள்.