நர்சிங் படிப்பு: தமிழ்நாடு-கேரள எல்லையோர வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தேன். மலையாளம் பேசுவேன், எழுத வராது. பி.எஸ்சி. நர்சிங் பாடங்கள் எல்லாம் ஆங்கிலத்தில் என்கிறார்கள். என்னால் முடியுமா? (மாணவி, கொழிஞ்சாம்பாறை)

நிச்சயமாக முடியும். முதல் செமஸ்டரில் ஆங்கிலமே ஒரு தனிப் பாடமாக இருக்கிறது. அதோடு அனாட்டமி (உடற்கூறியல்), பிசியாலஜி (உடலியங்கியல்), சமூகவியல், உளவியல், நர்சிங் அடிப்படைகள் ஆகியவை வரும். அனாட்டமியின் சொற்கள் மலையாள வழியில் படித்து வந்தவருக்கும் புதியவைதான் என்பதால், நீங்கள் மட்டும் பின்தங்கி நிற்பதாக எண்ண வேண்டாம். தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் பதினொன்றாம் வகுப்பு விலங்கியல் நூலில் செரிமானம், சுவாசம், இரத்த ஓட்டம், கழிவுநீக்கம் ஆகியவை நல்ல தமிழில் விளக்கப்பட்டிருக்கின்றன. அதை முதலில் படித்துப் பொருளைப் பிடித்துக்கொண்டு, பிறகு ஆங்கிலப் பாடநூலுக்குச் செல்லுங்கள்.

வார்டில் உங்கள் இருமொழிப் பழக்கம் பெரிய பலம். நாடித்துடிப்பை ஒரு முழு நிமிடம் எண்ணுவதையும், நோயாளி குடித்த நீரையும் வெளியேறிய சிறுநீரையும் அளந்து சார்ட்டில் குறிப்பதையும் யாரும் கற்றுக்கொள்ளலாம். ஆனால், வலி எங்கே, எப்போது தொடங்கியது என்று பாலக்காட்டுப் பாட்டியிடம் அவர் மொழியிலேயே கேட்டறிவது எல்லோருக்கும் கைவராது. கல்லூரி தொடங்கும் முன் மலையாள எழுத்தையும் படித்துவிடுங்கள்.

மகளுக்குப் பெங்களூரில் நர்சிங் சீட் வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்ட் முன்பணமும் அசல் சான்றிதழ்களும் கேட்கிறார். கொடுக்கலாமா? (தந்தை, வாளையார்)

இரண்டையும் கொடுக்காதீர்கள். இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது. ஏனெனில், தவறான கல்லூரியில் சேர்ந்தால் பணத்தோடு பிள்ளையின் ஆண்டுகளும் போய்விடும். அந்தக் கல்லூரிக்கு ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தின் இணைப்பும் கர்நாடக நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரமும் நடப்பாண்டுக்கு உள்ளனவா என்று நீங்களே நேரில் விசாரியுங்கள். கேரளத்தில் சேர்வதானால் திருச்சூரிலுள்ள கேரள சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தையும், தமிழ்நாட்டில் சேர்வதானால் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தையும் விசாரிக்க வேண்டும். அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவே 2018இல் அறிவித்திருக்கும்போது, ஏஜென்டுக்கு அவற்றைக் கேட்க என்ன உரிமை?

கல்லூரிக் கட்டடத்தைக் காட்டினால், மாணவிகள் பயிற்சி பெறும் மருத்துவமனையையும் காட்டச் சொல்லுங்கள். காலை வேளையில் வார்டுக்குள் சென்று, படுக்கைகளில் நோயாளிகள் இருக்கிறார்களா, மாணவிகள் அவர்களருகே பணி செய்கிறார்களா என்று பாருங்கள். நோயாளி இல்லாத மருத்துவமனையில் நர்சிங் கற்க முடியாது. பி.எஸ்சி. நர்சிங்கின் எட்டாவது செமஸ்டர் முழுவதும் இன்டர்ன்ஷிப் எனும் பணிப் பயிற்சிதான். கிளினிக்கல் வருகை, அதாவது நோயாளிகளிடையே பெறும் பயிற்சிக்கான வருகை, நூறு விழுக்காடு நிறைவடையாமல் பட்டம் கிடைக்காது என்பதையும் மகளிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

மகள் பிளஸ் டூவில் காமர்ஸ் படித்தாள். பி.எஸ்சி. கிடைக்காது என்கிறார்கள். வேறு வழி உண்டா? (தாய், குமுளி)

உண்டு. இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி, பி.எஸ்சி.க்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றிலும் சேர்த்துக் குறைந்தபட்சம் 45 விழுக்காடும், ஆங்கிலத்தில் தேர்ச்சியும் வேண்டும். ஆனால், ஜி.என்.எம். எனும் மூன்றாண்டுப் பொது நர்சிங், மகப்பேறு நர்சிங் டிப்ளமோவுக்கு எந்தப் பிரிவில் பிளஸ் டூ தேர்ச்சி பெற்றிருந்தாலும் விண்ணப்பிக்கலாம். 40 விழுக்காடு மதிப்பெண்ணும் ஆங்கிலமும் இருந்தால் போதும். முடித்து நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்த பிறகு, டிப்ளமோ பெற்றவர்களுக்கான இரண்டாண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்துப் பட்டதாரியாகலாம். தோட்ட வேலையை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு, இடையில் சம்பாதித்துக்கொண்டு மேலே படிக்க முடிகிற இந்த வழி பல நேரங்களில் பொருத்தமாகவே அமையும்.

ஆண்கள் இதைப் படிக்கலாமா? (மாணவர், சித்தூர்)

தாராளமாகப் படிக்கலாம். சில கல்லூரிகள் பெண்களுக்கு மட்டுமே உரியவை என்பதால், விண்ணப்பிக்கும் முன் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேரளத்தில் படித்துவிட்டுக் கோயம்புத்தூரில் வேலை பார்க்க முடியுமா? (மாணவி, வேலந்தாவளம்)

முடியும். பட்டம் பெற்றதும் கேரள நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்து, பிறகு தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவு கோரி விண்ணப்பிக்க வேண்டும். வேலை கிடைத்த பின் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாமல், இறுதி மதிப்பெண் பட்டியல் கைக்கு வந்த வாரமே இந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள்.