90ஆம் பக்கத்தில் நின்ற நாவல்

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். எனக்கு வயது 61. சென்ற ஆண்டு பணி ஓய்வு பெற்றேன். கல்லூரி நாட்களில் நானும் சிறுகதைகள் எழுதியவன். 21 வயதில் ஒரு நாவலை ஆரம்பித்து, அந்த ஆண்டே நோட்டில் 90 பக்கம் வரை எழுதினேன். அந்த நோட்டு இன்றும் என்னிடம் இருக்கிறது. 23 வயதில் வேலை கிடைத்தது. அப்புறம் திருமணம், குழந்தைகள், கடன். குடும்பத்துக்காக எழுத்தைத் தியாகம் செய்துவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

இப்போது நேரம் இருக்கிறது. 38 ஆண்டு வேலை பார்த்த அனுபவம் இருக்கிறது. எத்தனையோ ஊர்கள், எத்தனையோ மனிதர்கள். நான் சொல்லும் சம்பவங்களைக் கேட்டுவிட்டு ‘இதை நாவலாக எழுதுங்களேன்’ என்று சொல்லாதவர்களே இல்லை. ஆனால் எழுத உட்கார்ந்தால் நாலு பக்கத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது. திரும்பப் படித்தால் எனக்கே சப்பென்று இருக்கிறது.

பழைய நாவலைத் தொடர்வதா, புதிதாக ஒன்றை ஆரம்பிப்பதா? எழுத்துப் பயிற்சி வகுப்பு எதிலாவது சேர வேண்டுமா? கையால் எழுதுவது நல்லதா, கணினியிலா? எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த வயதில் இது வீண் ஆசையா?

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

நாலு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். அவற்றில் மூன்றுக்கு ஒரு பத்தி போதும். நான் பதில் எழுத உட்கார்ந்தது ‘சப்பென்று இருக்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்காக. சில மாதங்களாக என் மனமும் அதையே சுற்றிக்கொண்டிருக்கிறது.

முதலில் எளிதானவற்றை முடித்துவிடுகிறேன். கையா கணினியா என்பதெல்லாம் ஒரு கேள்வியே அல்ல. எதன் முன்னால் உட்கார்ந்தால் எழுந்து போகத் தோன்றவில்லையோ அதில் எழுதுங்கள். வகுப்புக்குப் போகலாம், கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் பத்துக் கதையாவது எழுதிவிட்டுப் போங்கள். கையில் எதுவும் இல்லாமல் போனால் அங்கே மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு வரலாம், அவ்வளவுதான். வயது: ஆங்கில நாவலாசிரியர் பெனிலோப்பி ஃபிட்ஸ்ஜெரால்டின் முதல் புத்தகம் 1975ல் வந்தபோது அவருக்கு 58. நாலே ஆண்டில் புக்கர் பரிசு. வயதைப் பற்றி இதற்கு மேல் கேட்டீர்கள் என்றால், எழுதாமல் இருக்கக் காரணம் தேடுகிறீர்கள் என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

அடுத்தது, ‘தியாகம்’ என்ற அந்தச் சொல். அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. உங்கள் கடிதத்தை நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள். நாவல் நின்றது 21 வயதில். வேலை கிடைத்தது 23 வயதில். நடுவில் இரண்டு ஆண்டு இருக்கிறதே, அது எங்கே போனது? அப்போது மனைவி இல்லை, குழந்தை இல்லை, கடன் இல்லை. 90ஆம் பக்கத்துக்கு அப்புறம் என்ன எழுதுவது என்று தெரியவில்லை, நிறுத்திவிட்டீர்கள். அதில் தப்பே இல்லை. எழுதுகிறவர்கள் எல்லோரும் அப்படி ஏதோ ஒரு பக்கத்தில் நின்றவர்கள்தான். ஆனால் அப்புறம் வந்து சேர்ந்தவர்கள் தலையில் அந்தப் பழியைப் போடுவது அநியாயம். உங்கள் மனைவி இந்தக் கடிதத்தைப் படித்தால் என்ன நினைப்பார்? இத்தனை ஆண்டுகளில் அவர் எதையெல்லாம் நிறுத்தினார் என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா?

உங்களை நோகடிக்க வேண்டும் என்று இதைச் சொல்லவில்லை. தியாகம் செய்துவிட்டு வந்ததாக நினைத்து எழுத உட்கார்கிறவர், இழந்ததற்கெல்லாம் ஈடு கேட்டுத்தான் உட்கார்கிறார். எழுதும் ஒவ்வொரு வரியும் 40 ஆண்டுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறார். எந்த வரிக்கு அந்தத் தெம்பு உண்டு?

சரி, ‘சப்’புக்கு வருகிறேன்.

கேட்டவர்கள் எல்லோரும் நாவலாக எழுதச் சொன்னார்கள் என்கிறீர்கள். அப்படியென்றால் அந்தச் சம்பவங்களை நீங்கள் பலமுறை, பலரிடம் சொல்லியிருக்கிறீர்கள். கோளாறு அங்கேதான் இருக்கிறது. ஒரு சம்பவத்தை முதல் தடவை சொல்லும்போது தடுமாறுவோம். எது முன், எது பின் என்று குழம்புவோம். அடுத்த தடவை, எங்கே சிரித்தார்கள் என்பது நினைவில் இருக்கும். அந்த இடத்தைக் கொஞ்சம் நீட்டுவோம். கவனம் சிதறிய இடத்தை வெட்டுவோம். பத்தாவது தடவைக்குள் அது வழவழவென்று ஆகிவிடும். ஒரு ஆரம்பம், ஒரு திருப்பம், கடைசியில் மேலதிகாரியின் வாயை அடைக்கிற மாதிரி நாம் சொன்ன ஒரு பதில். அந்த மேலதிகாரி அன்று இரண்டு சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தார் என்பதும், அதைப் பார்த்து நமக்கு உள்ளூர ஒரு பரிதாபம் வந்தது என்பதும், அந்தப் பதிலைச் சொல்லிவிட்டு நாம் இரவு முழுக்கத் தூங்கவில்லை என்பதும் எப்போதோ உதிர்ந்திருக்கும். எழுதுவதற்கு வேண்டியது உதிர்ந்துபோன அந்தச் சில்லறைதான். உங்கள் கையில் மிஞ்சியிருப்பது வழவழப்பு. அது நாலு பக்கத்தில் முடியாமல் வேறென்ன செய்யும்?

கேம்பிரிட்ஜில் உளவியல் பேராசிரியராக இருந்த ஃபிரெடரிக் பார்ட்லெட், 1932ல் வெளியிட்ட நூலில் ஒரு சோதனையைச் சொல்கிறார். வட அமெரிக்கப் பழங்குடிக் கதை ஒன்றைப் படிக்கக் கொடுத்து, கொஞ்ச நேரம் கழித்தும், நாள் கழித்தும், மாதங்கள் கழித்தும் அதே ஆட்களைத் திரும்ப எழுதச் சொன்னார். கதை சுருங்கிக்கொண்டே போனது. புரியாத, விசித்திரமான இடங்கள் கழன்று விழுந்தன. கடல்நாய் வேட்டைக்குப் போனவர்கள் மீன்பிடிக்கப் போனவர்களாக மாறினார்கள். யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. தங்களுக்குப் பழக்கமான பக்கமாகக் கதையை நகர்த்திக்கொண்டே போனார்கள். அடுத்தவர் கதைக்கே இந்த கதி என்றால், 30 ஆண்டாக நாமே நடித்து நாமே சொல்லும் கதை என்ன ஆகியிருக்கும்!

அதே 1932ல்தான் அமெரிக்க எழுத்தாளர் லாரா இங்கல்ஸ் வைல்டரின் முதல் நாவல் வந்தது. அப்போது அவருக்கு 65 வயது. அதற்கு இரண்டு ஆண்டு முன்னால், தன் இளமைக்காலத்தை முழுக்க ‘நான், நான்’ என்று எழுதி முடித்திருந்தார். பதிப்பகங்கள் அதை வேண்டாம் என்று திருப்பிவிட்டன. அதில் தொடக்கப் பகுதியை எடுத்து, எழுத்தாளரான தன் மகளின் உதவியோடு, ‘நான்’ இருந்த இடத்தில் ‘லாரா’ என்ற சிறுமியை வைத்துத் திரும்ப எழுதினார். அந்த நாவலில் அப்பா மாலை நேரத்தில் ஈயத்தை உருக்கித் துப்பாக்கிக் குண்டு வார்ப்பார். புதுக் குண்டின் பளபளப்பைப் பார்த்துக் குழந்தைகளால் தொடாமல் இருக்க முடியாது. தொட்டால் விரல் சுடும். ஆனால் சுட்டதை வெளியே சொல்ல மாட்டார்கள், தொடக்கூடாது என்று அப்பா சொல்லியிருக்கிறாரே! எனக்கு அந்த நாவல் முழுவதும் அந்த ஒரு இடத்தில் இருக்கிறது. யாரிடமும் சொல்லாமல் மறைத்த ஒரு சின்னச் சூடு, 60 ஆண்டு கழித்தும் ஆறாமல் பக்கத்துக்கு வந்திருக்கிறது.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன். நானும் 19 ஆண்டு எழுதாமல் இருந்தவள். 46 வயதில் திரும்ப ஆரம்பித்தபோது முதலில் எடுத்தது அப்பாவின் மரணத்தை. அதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருந்தேன். ஜன்னலைத் திறக்கச் சொன்னார், வெளிச்சம் வந்தது, சின்ன வயதில் என்னைக் கூப்பிடும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், கண்ணை மூடினார். கேட்டவர்கள் அழுவார்கள். நானும் அழுவேன். அப்படியே ஆறு பக்கம் எழுதினேன். ஒரு தோழியிடம் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு, நல்லா இருக்கு, இல்லை என்று எதுவும் சொல்லவில்லை. ‘இதுவரைக்கும் இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாய்?’ என்று மட்டும் கேட்டாள். அன்று அவள்மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஒரு மாதம் பேசவில்லை.

நான் யாரிடமும் சொல்லாதது ஒன்று இருந்தது. அப்பா இறப்பதற்கு மூன்று நாள் முன்பு ஒரு துண்டுத்தாளை என்னிடம் கொடுத்தார். டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகள், எண் போட்டு, அவர் கையெழுத்தில். டாக்டர் வரும்போது தனக்குப் பேச வராமல் போகலாம், நீ கேள் என்றார். நான் அவசரத்தில் இருந்தேன். கேட்கிறேன் அப்பா என்று சொல்லி, கைப்பையில் போட்டுக்கொண்டேன். மறந்துவிட்டேன். எல்லாம் முடிந்து பதினோரு நாள் கழித்து, பேனா தேடும்போது அந்தத் தாள் கையில் வந்தது. அப்போதுதான் அதைப் பிரித்தே பார்த்தேன். ஐந்து கேள்வி. கால் வீக்கம் ஏன் வடியவில்லை. தூக்க மாத்திரையைப் பாதியாகக் குறைக்கலாமா. மூன்றாவது ஏதோ இருமலைப் பற்றி. நாலாவது, படிக்கும்போது எழுத்து கலங்குகிறது, கண்ணாடியை மாற்ற வேண்டுமா. ஐந்தாவது, வீட்டுக்கு எப்போது.

அந்த நாலாவது கேள்விதான் என்னை இன்றுவரை விடவில்லை. அவர் இன்னும் படிக்கப் போவதாக நினைத்துக்கொண்டிருந்தார்.

ஜன்னலும் வெளிச்சமும் பொய் இல்லை, நடந்ததுதான். ஆனால் அந்தத் தாளை மூடிவைக்கத்தான் நான் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது எழுதும்போதுதான் எனக்கே தெரிந்தது. ஆறு பக்கத்தையும் தூக்கிப் போட்டுவிட்டு, தாளிலிருந்து ஆரம்பித்தேன். நாலு மாதம் ஆனது. இரண்டு தடவை பாதியில் விட்டேன். எழுதுகிறவள் என்ற பெயரை நான் திரும்ப வாங்கியது அந்தக் கதையில்தான்.

அனுபவம் இருக்கிறது, அனுபவம் இருக்கிறது என்று இனிமேல் சொல்லாதீர்கள், எஸ். 61 வயது வரை வாழ்ந்த யாரிடம்தான் அது இல்லை? உங்களிடம் இரண்டு மூட்டை இருக்கிறது. ஒன்றை எல்லா விருந்தினர் முன்னாலும் அவிழ்த்துக் காட்டியிருக்கிறீர்கள். மற்றதை அவிழ்த்ததே இல்லை. அது இருக்கிறது என்றே ஒருவேளை உங்களுக்கு மறந்திருக்கும். ஒரு மாதத்துக்கு உங்கள் பிரபலமான சம்பவங்களை யாரிடமும் சொல்லாதீர்கள். யாராவது கேட்டாலும் வேண்டாம். அந்த மௌனம் முதலில் கஷ்டமாக இருக்கும். அப்புறம் வேறு ஏதாவது மேலே வர ஆரம்பிக்கும். எவரிடமும் சொல்லாத ஒன்றை, உங்களுக்கு அதில் பெருமை எதுவும் இல்லாத ஒன்றை, ஒரு பக்கம் மட்டும் எழுதுங்கள். யாரிடமும் காட்ட வேண்டாம். எனக்கும் அனுப்ப வேண்டாம்.

பழைய நோட்டைப் பற்றிக் கேட்டதை மறந்தே போனேன். போர்ச்சுகல் நாட்டு எழுத்தாளர் ஜோசே சரமாகோவின் முதல் நாவல் 1947ல் வந்தது. 1953ல் இன்னொரு நாவலை ஒரு பதிப்பகத்துக்குக் கொடுத்தார். போடுகிறோம், போடவில்லை என்று ஒரு பதிலும் இல்லை. அவருடைய அடுத்த நாவல் வெளிவந்தது 1977ல். 1989ல், அவர் பெரும்புகழ் அடைந்த பிறகு, அதே பதிப்பகம் பழைய கைப்பிரதி கிடைத்துவிட்டது, வெளியிடுகிறோம் என்றது. அவர் மறுத்துவிட்டார். உயிரோடு இருந்தவரை அச்சிட விடவில்லை. 2010ல் அவர் இறந்து மறு ஆண்டுதான் அது வெளிவந்தது. அந்த நாவலைத் தொடர்வதற்குப் பதிலாக அவர் செய்தது வேறு. 1975ல் பத்திரிகை வேலை போனதும் வேறு வேலை தேடாமல், மறு ஆண்டு லாவ்ரே என்ற கிராமத்துக்குப் போய் வாரக்கணக்கில் தங்கினார். அங்கே நிலமற்ற விவசாயக் கூலிகள் தங்கள் வாழ்க்கையைச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தார். 53 வயதில், தன் கதையைச் சொல்லாமல், அடுத்தவர் கதையைக் கேட்கப் போனார். 1980ல் வந்த நாவல் அங்கிருந்து பிறந்தது.

ஆகவே பழைய நாவலைத் தொடர வேண்டாம். அதை எழுதிய பையன் இப்போது இல்லை. அவன் நடையில் எழுத முயன்றால் போலியாகத்தான் வரும். ஆனால் கிழித்துவிடாதீர்கள். ஒரு நாள் காலையில் முதலிலிருந்து படியுங்கள். அவன் அசட்டுத்தனமாக எழுதியிருப்பான், படிக்கக் கூச்சமாக இருக்கும், பரவாயில்லை. ஒரு மகன் எழுதியதைப் படிப்பது போலப் படியுங்கள். படித்துவிட்டு ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எனக்கு எழுதுங்கள். 90ஆம் பக்கத்தின் கடைசி வாக்கியம் முற்றுப்புள்ளியோடு முடிந்திருக்கிறதா, பாதியில் நிற்கிறதா?