தங்க அன்னபூரணியைப் பார்க்கக் கடன் வாங்க வேண்டுமா?

கேள்வி: நாங்கள் வில்லிவாக்கத்தில் இருக்கிறோம். எனக்கு 57 வயது, ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கணவருக்கு 62, அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய பணத்தில் 15 லட்சத்தை ஒன்றரை வருடத்துக்கு முன்பு மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டோம். வங்கியில் 3 லட்சம் எஃப்.டி. இருக்கிறது. சேமிப்புக் கணக்கில் 30,000 ரூபாய். வீட்டுச் செலவு எல்லாம் போக மாதம் 10,000 மிச்சமாகும். என் மாமியாருக்கு 79 வயது. தீபாவளி சமயத்தில் காசிக்குப் போய்த் தங்க அன்னபூரணியைத் தரிசிக்க வேண்டும் என்று பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். 2026 தீபாவளிக்குக் கூட்டிப் போக நினைக்கிறோம். பிரயாகை, கயா எல்லாம் சேர்த்துப் பார்க்க ஆசை. மகன் 1 லட்சம் பெர்சனல் லோன் எடுத்துத் தருகிறேன் என்கிறான். எங்கள் காலனியில் ஒருவர், ஆளுக்கு மாதம் 3,000 வீதம் பத்து மாதம் கட்டினால் காசிக்கு அழைத்துப் போவதாகப் பணம் வசூலிக்கிறார். இல்லையென்றால் எஃப்.டி.யை உடைத்துவிடலாமா? எது சரி?

பதில்: மூன்றும் வேண்டாம். உங்கள் வருமானத்திலேயே இந்த யாத்திரையைக் கடனில்லாமல் முடிக்கலாம். அதற்குப் பணக் கணக்குக்கு முன்னால் இன்னொரு கணக்குப் போட வேண்டும். இந்தப் பயணத்தில் எதற்குப் பண்டிகை நாள் கட்டாயம், எதற்கு இல்லை என்பதுதான் அது.

தங்க அன்னபூரணி தரிசனத்துக்குப் பண்டிகை கட்டாயம். அந்த அம்பாளைத் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு வரும் தன்தேரஸ் அன்று தொடங்கி, தீபாவளியை அடுத்து வரும் அன்னப் படையல் விழாவான அன்னகூட் வரை ஒரு சில நாட்கள்தான் பார்க்க முடியும். 2026-ல் தன்தேரஸ் நவம்பர் 6, வெள்ளிக்கிழமை. தீபாவளி 8-ம் தேதி ஞாயிறு. ஆகவே இந்த வாரத்தை மாற்ற வழியில்லை. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ‘தேவ் தீபாவளி’ என்று விளம்பரத்தில் வருவது வேறு. அது கார்த்திகைப் பௌர்ணமி, நவம்பர் 24. படித்துறை முழுக்க விளக்கேற்றி அழகாகத்தான் இருக்கும், அறை வாடகையும் ஏறும், ஆனால் தங்க அன்னபூரணி சன்னிதி அப்போது திறந்திருக்காது. மாமியாரின் ஆசை எது என்று தெரிந்துகொண்டு தேதியைப் பாருங்கள்.

கயாவுக்குப் பண்டிகை தேவையில்லை. பிண்டம் போட ஆண்டு முழுவதும் போகலாம். காசியில் இருந்து கயா சுமார் 250 கிலோமீட்டர். 79 வயதுக்காரரைக் காரில் அவ்வளவு தூரம் கொண்டுபோய்த் திரும்புவது, அதுவும் பீகாரில் சூரியனுக்குச் செய்யும் சட் பூஜைக்குக் கூட்டம் சேரும் வாரத்தில், எனக்குச் சரியாகப் படவில்லை. உங்கள் கணவர் மாசி, பங்குனியில் தன் சகோதரர் யாரையாவது கூட்டிக்கொண்டு சாதாரண ரயிலில் போய்ச் செய்துவிட்டு வரலாம். செலவும் குறைவாகத்தான் ஆகும். காசிக்குப் போய்விட்டுக் கயா போகாமல் வருவதா என்று வீட்டில் பேச்சு வரும். அது வெறும் பண விஷயம் இல்லை, அதனால் மாமியாரிடமும், காரியங்கள் செய்துவைக்கும் உங்கள் வாத்தியாரிடமும் கேட்டு முடிவெடுங்கள். என் யோசனை, இப்போது காசியும் பிரயாகையும் போதும் என்பதுதான். பிரயாகை காரில் காலையில் கிளம்பி இரவு திரும்பிவிடும் தூரம்.

அடுத்து, போக்குவரத்து. இதில்தான் சென்னைக்காரர்கள் பலர் ஏமாந்துபோகிறார்கள். தீபாவளிக்கு முந்தைய வாரம் சென்னையில் இருந்து வடக்கே போகும் ரயில்கள் எப்படி இருக்கும் என்று சென்ட்ரலில் ஒரு முறை பார்த்தால் தெரியும். இங்கே கட்டட வேலை, ஓட்டல் வேலை, தொழிற்சாலை வேலை பார்க்கும் உத்தரப் பிரதேச, பீகார் தொழிலாளிகள் தீபாவளிக்கும் அதை அடுத்து வரும் சட் பூஜைக்கும் ஊருக்குப் போகும் நேரம் அது. முன்பதிவு திறந்த கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும். முன்பதிவுப் பெட்டிக்குள்ளேயும் நெரிசல் இருக்கும். ஆனால் தீபாவளி முடிந்து சட் பூஜைக்கு முன் தெற்கே திரும்பும் வண்டிகளில் அந்த அளவு கூட்டம் இருக்காது. 2026-ல் சட் பூஜை நவம்பர் 15 வாக்கில் வருகிறது. ஆகவே போகும்போது விமானம், வரும்போது ரயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு இடத்தில் கூடுதலாகச் செலவு செய்வது நியாயம். ஒன்றரை நாள் ரயிலில் போய் இறங்கி அலுப்போடு கூட்டத்தில் நிற்கும் நிலை மாமியாருக்கு வேண்டாம்.

மூவருக்கும் ஒரு வழி விமான டிக்கெட்டுக்கு 27,000 ஒதுக்குங்கள். இதை மகன் கொடுக்கட்டும். அவர் லோன் போட்டால் என்ன ஆகும் பாருங்கள். 1 லட்சத்துக்கு 14 சதவீத வட்டி, இரண்டு வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 4,800. வட்டி மட்டும் 15,000 ரூபாய்க்கு மேல். பிராசஸிங் கட்டணம் தனி. காசியில் இருந்து வந்து அடுத்த தீபாவளியும் முடிந்த பிறகும் அந்தத் தவணை ஓடிக்கொண்டிருக்கும். பாட்டிக்குச் செய்ய வேண்டும் என்ற அவருடைய மனசு பெரியது, அதைத் தட்டிக்கழிக்காதீர்கள். லோனுக்குப் பதிலாக மாதம் மூவாயிரம், நாலாயிரம் எடுத்து வைத்து, விலை குறைவாக இருக்கும்போதே டிக்கெட் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். பண்டிகை நெருங்க நெருங்க விமானக் கட்டணம் ஏறத்தான் செய்யும், ஆகவே ஆடி வரை தள்ளிப்போட வேண்டாம்.

மீதிச் செலவு உங்களுடையது. நவம்பர் 4 போய் 11 கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். ஏழு இரவுக்கு மூன்று பேர் படுக்கும் ஓர் அறை, பண்டிகை வாடகை 3,500 என்றால் 24,500. திரும்பும் ரயில் மூன்றடுக்கு ஏசியில் 7,000. பிரயாகைக்குக் கார் 6,000. சாப்பாட்டுக்கு 14,000. ஆட்டோ, படகு, கோயிலில் சக்கர நாற்காலிக்கு ஆள் வைப்பது எல்லாம் சேர்த்து 6,000. இதுவரை 57,500. இந்த அளவு எல்லோரும் போட்டுவிடுவார்கள். பட்ஜெட் உடைவது இதற்கு அப்புறம் வரும் மூன்று செலவில்.

முதலாவது, காரியங்கள். கங்கைக் கரையில் சங்கல்பம், பித்ரு காரியம், பிரயாகையில் திரிவேணி சங்கம ஸ்நானம், நீங்கள் தம்பதியாகப் போவதால் வேணி தானம் (மனைவியின் கூந்தல் நுனியைச் சங்கமத்தில் சமர்ப்பிப்பது). படகில் ஏறிய பிறகு, சங்கல்பம் ஆரம்பித்த பிறகு தட்சிணை பேசினால் யாராலும் மறுத்துப் பேச முடியாது. அந்த இடத்தில் பேரம் பேசவும் மனசு வராது, பேசவும் கூடாது. அதனால் சென்னையிலேயே உங்கள் குடும்ப வாத்தியார் மூலம் அங்குள்ள தமிழ் வாத்தியாரைப் பிடித்து, எல்லாப் பொருளும் தானமும் படகும் சேர்த்து எவ்வளவு என்று முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இதற்கு 18,000 வையுங்கள். இரண்டாவது, புடவை, கங்கைச் சொம்பு, காசிக் கயிறு, ஊரில் கொடுக்க வேண்டியது. 8,000 தாண்டக் கூடாது என்று இப்போதே வீட்டில் பேசிவிடுங்கள். மூன்றாவது, பலர் மறந்தே போவது, திரும்பி வந்து செய்யும் கங்கை சமாராதனை. சொந்தக்காரர்கள் முப்பது பேருக்கு வீட்டில் சாப்பாடு என்றாலும் 12,000 ஆகும். ஊர் திரும்பிய பிறகு செலவாவதால் பயணக் கணக்கில் யாரும் எழுதுவதில்லை, கடைசியில் கிரெடிட் கார்டில் தேய்க்கிறார்கள்.

ஆக மொத்தம் 95,500. இதன் மேல் கைக்காவலாக 15,000 சேர்த்தால் 1,10,500 ரூபாய்.

சரி, பணம் எங்கிருந்து? காலனிக்காரரிடம் மூவருக்கும் மாதம் 9,000 கட்டலாம் என்று யோசித்தீர்கள் அல்லவா? அந்தப் பணத்தோடு இன்னும் ஆயிரம் சேர்த்து உங்கள் வங்கியில் உங்கள் பெயரிலேயே ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) போடுங்கள். இந்த ஜனவரியில் தொடங்கி ஒன்பது மாதம், மாதம் 10,000. வட்டி 6 சதவீதம் என்று வைத்தாலும் அக்டோபரில் 92,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே கையில் இருக்கும். சேமிப்புக் கணக்கில் உள்ள 30,000 சேர்ந்தால் 1,22,000. யாத்திரைக்குப் போக மிச்சம் பதினோராயிரத்துச் சொச்சம், அது உங்கள் கணவரின் கயா பயணத்துக்கு ஆகும். தபால் நிலையத்தில் ஆர்.டி. போட்டுவிடாதீர்கள். அது ஐந்து வருடத் திட்டம், மூன்று வருடம் முடியாமல் மூட முடியாது.

காலனி வசூலைப் பற்றித் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அவர் நல்ல மனிதராகவே இருக்கலாம். ஆனால் நீங்கள் கட்டும் பணத்துக்கு என்ன ரசீது? அது டிராவல்ஸ் நிறுவனமா, ஜி.எஸ்.டி. எண் இருக்கிறதா? சீட்டு என்றால் 1982-ம் வருடச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். பதிவில்லாமல் பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்குவதை 2019-ல் வந்த சட்டம் தடை செய்கிறது. பத்து மாதம் கட்டிய பிறகு ‘டிக்கெட் கிடைக்கவில்லை, அடுத்த வருடம் போகலாம்’ என்று சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்? தீபாவளிச் சீட்டு கட்டிப் பணமும் போய், பலகாரமும் கிடைக்காமல் நின்ற குடும்பங்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ. மாமியாரின் ஆசையை அப்படி ஒரு நம்பிக்கையின் மேல் வைக்காதீர்கள்.

எஃப்.டி. 3 லட்சத்தை ஏன் தொடக் கூடாது என்றால், இந்தப் பயணத்தின் போதுதான் அது தேவைப்படலாம். வெளியூரில் மாமியாருக்கு உடம்பு முடியாமல் போனால் அந்தப் பணம்தான் துணை. அவசரத்துக்கு மொபைலிலேயே உடைத்துக்கொள்ள முடிகிறதா, உங்கள் இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கும்படி கணக்கு இருக்கிறதா என்று வங்கியில் கேட்டு வையுங்கள். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தை நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் யாராவது அதிலிருந்து எடுக்கச் சொல்வார்கள். அதில் கொஞ்சம் மட்டும் எடுக்க முடியாது, மொத்தக் கணக்கையும் மூட வேண்டும். ஒரு வருடம் முடிந்து இரண்டு வருடத்துக்குள் மூடினால் அசலில் 1.5 சதவீதம் பிடிப்பார்கள். உங்களுக்கு அது 22,500 ரூபாய். 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரும் 30,750 ரூபாயும் நின்றுபோகும்.

ரயில் டிக்கெட் இப்போது பயண நாளுக்கு 60 நாள் முன்புதான் திறக்கிறது. நவம்பர் 11 வண்டிக்குச் செப்டம்பர் 12 காலை எட்டு மணி. அதாவது விநாயகர் சதுர்த்திக்கு இரண்டு நாள் முன்பு. நீங்கள் எடுக்கும் வண்டி எந்தக் கிழமை ஓடுகிறதோ அதற்கேற்ப ஒன்றிரண்டு நாள் மாறும். ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில் ஆதாரை இப்போதே இணைத்துச் சரிபார்த்துவிடுங்கள். மூத்தோர் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது, அதைக் கணக்கில் வைக்க வேண்டாம். கீழ் பெர்த்துக்கு மட்டும் ஒரு வழி உண்டு. 45 வயதான பெண்களுக்கும் 60 வயதான ஆண்களுக்கும் கீழ் பெர்த் ஒதுக்கீடு இருக்கிறது, ஆனால் ஒரு டிக்கெட்டில் இரண்டு பேர் வரைதான் அது செல்லும். மூவருக்கும் சேர்த்துப் போடாமல், உங்களுக்கும் மாமியாருக்கும் ஒரு டிக்கெட், கணவருக்குத் தனியாக ஒன்று என்று போடுங்கள்.

இதைப் படிக்கும் வேறு சிலருக்கு ஒரு தகவல். தமிழக இந்து சமய அறநிலையத் துறை ராமேஸ்வரம் – காசி ஆன்மிகப் பயணத்துக்கு இலவசமாக அழைத்துப் போகிறது. 60 முதல் 70 வயது, ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். உங்கள் மாமியாருக்கு வயது தாண்டிவிட்டது, உங்கள் குடும்ப வருமானமும் பொருந்தாது. ஆனால் தகுதி உள்ள பெரியவர்கள் அருகிலுள்ள அறநிலையத் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள்.

தங்குவதற்கு ஹனுமான் காட், கேதார் காட் பக்கம் பாருங்கள். தமிழர் மடங்கள், சத்திரங்கள் இருக்கும் பகுதி, தமிழ்ச் சாப்பாடு கிடைக்கும், வாத்தியார்களும் அங்கேதான். 1863-ல் தொடங்கிய நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரமும் காசியில் இருக்கிறது. தீபாவளி வாரத்துக்கு இப்போதே கேட்டு வைத்தால்தான் இடம் கிடைக்கும். முதல் மாடிக்கு மேல் என்றால் லிஃப்ட் உண்டா என்று கேளுங்கள். சத்திரங்களின் பெயரில் போலி வலைத்தளம் போட்டு முன்பணம் பிடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கூகுளில் கிடைத்த எண்ணுக்கு ஜிபே போடாதீர்கள். போய் வந்தவர்களிடம் எண் வாங்கிப் பேசி, அறக்கட்டளையின் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். தவறாகப் போய்விட்டது என்று தெரிந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள், சீக்கிரம் சொன்னால் பணத்தை நிறுத்த வாய்ப்பு உண்டு.