மூன்று நாளில் மூன்று ஆட்டம்: ஐரோப்பியப் பெண்கள் கிளப் ஐஸ் ஹாக்கி, கேள்வி பதில்

ஐரோப்பியப் பெண்கள் சாம்பியன் கோப்பையைப் பற்றி நான் சொல்லப்போக, கேள்விகள் வரிசையாக வந்துவிட்டன. பலருக்கும் ஐஸ் ஹாக்கி என்றால் ஆண்கள் ஆட்டம், அதுவும் கனடா, அமெரிக்கா என்றுதான் மனதில் இருக்கிறது. ஒரே மாதிரி கேட்டவற்றைச் சேர்த்துவிட்டு, முடிந்தவரை எல்லாவற்றுக்கும் பதில் எழுதுகிறேன்.

மதுரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: அக்கா, இந்தக் கோப்பை கால்பந்து சாம்பியன்ஸ் லீக் மாதிரியா?

நோக்கம் அதேதான், தம்பி. ஒவ்வொரு நாட்டின் பெண்கள் கிளப் சாம்பியனையும் கூட்டி ஐரோப்பாவிலேயே சிறந்தது எது என்று பார்ப்பது. சர்வதேச ஐஸ் ஹாக்கி சம்மேளனம் இதை 2004-05 சீசனில் தொடங்கி 2014-15 வரை நடத்தியது. ஆனால் நடத்திய விதம் வேறு. கால்பந்தில் ஒரு வாரம் உள்ளூர், இன்னொரு வாரம் வெளியூர் என்று மாதக்கணக்கில் போகும். பெண்கள் ஹாக்கி கிளப்புகளிடம் அத்தனை பயணத்துக்குப் பணம் ஏது? அதனால் நான்கு அணிகளை ஒரே ஊருக்கு வரவழைத்து, வெள்ளி, சனி, ஞாயிறு என்று எல்லோரும் எல்லோருடனும் ஆடிவிடுவார்கள். ஒரு வாரக் கடைசியில் ஒரு பிரிவே முடிந்துவிடும். இலையுதிர் காலத்தில் முதல் சுற்று. பலமான நாடுகளின் சாம்பியன்கள் நேராக அடுத்த சுற்றில் வந்து சேர்வார்கள், குளிர்காலம் முடியும் நேரத்தில் கடைசி நான்கு அணிகள் மோதும்.

இந்த அமைப்பைப் பணப் பற்றாக்குறையால் வந்த சமரசம் என்று மட்டும் பார்க்காதீர்கள். மூன்று நாளில் மூன்று ஆட்டம் என்றால் ஓர் அணியின் உண்மையான ஆழம் வெளியே வந்துவிடும். ஒரே ஒரு நட்சத்திரத்தை வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை ஜெயிக்கலாம், ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தின் கடைசிப் பகுதியான மூன்றாவது பீரியடில் அந்த நட்சத்திரத்துக்குக் கால் எழும்பாது.

கோயம்புத்தூர்: அப்படியென்றால் அதிகம் ஜெயித்தது யார்?

ஸ்டாக்ஹோமின் ஏ.ஐ.கே. முதல் நான்கு சீசன்களையும் அவர்களே வென்றார்கள், 2005 முதல் 2008 வரை வரிசையாக. அதன் பிறகு கோப்பை ரஷ்யப் பக்கம் சாய்ந்தது. 2008-09-ல் நீஷ்னி நோவ்கோரத் நகரத்தின் ஸ்கிஃப், அப்புறம் மாஸ்கோ வட்டாரத்தின் டோர்னாடோ. கடைசி சீசனான 2014-15-லும் ஸ்கிஃப்தான்.

ஏ.ஐ.கே. ஆண்ட அந்தக் காலத்தை ஸ்வீடன் தேசிய அணியின் கதையோடு சேர்த்துப் படித்தால்தான் அதன் அருமை புரியும். 2006 டூரின் ஒலிம்பிக் அரையிறுதியில் ஸ்வீடன் அமெரிக்காவை ஷூட்-அவுட்டில் (ஆட்டம் சமனானால் ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகக் கோல்கீப்பரை எதிர்த்து அடித்து முடிவு காண்பது) 3-2 என்று வீழ்த்தியது. அதுவரை ஒலிம்பிக்கிலும் உலகப் போட்டியிலும் இறுதியாட்டம் என்றால் கனடாவும் அமெரிக்காவும்தான், வேறு யாரும் அந்த இடத்துக்கு வந்ததே இல்லை. ஸ்வீடனின் கோலில் நின்ற கிம் மார்ட்டினுக்கு அப்போது 19 வயது. இரண்டு கோல் பின்தங்கியிருந்த அணியை மரியா ரூத் இரண்டு கோல் அடித்துச் சமனாக்கினார், ஷூட்-அவுட்டில் வெற்றி கோலும் அவருடையதே. அந்த ஸ்வீடன் அணியில் ஏ.ஐ.கே. ஆட்டக்காரர்களும் இருந்தார்கள். உள்நாட்டு லீக்கில் எளிதாக ஜெயிக்கிற ஒரு கிளப்புக்கு, வெளிநாட்டுச் சாம்பியன்களோடு வருஷா வருஷம் இறுக்கமான ஆட்டம் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை யோசித்துப் பாருங்கள்.

சென்னையிலிருந்து கணக்கு வாத்தியார் ஒருவர்: நான்கு அணி, ஆளுக்கு மூன்று ஆட்டம் என்றால் புள்ளிகள் சமமாக வர வாய்ப்பு அதிகமாயிற்றே. அப்போது எப்படி வரிசைப்படுத்துவார்கள்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, சார். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் புள்ளிக் கணக்கு. 60 நிமிஷத்துக்குள் ஜெயித்தால் 3 புள்ளி. கூடுதல் நேரத்திலோ ஷூட்-அவுட்டிலோ ஜெயித்தால் 2, அதில் தோற்றவருக்கு 1. வழக்கமான நேரத்தில் தோற்றால் ஒன்றுமில்லை.

சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று நான்கு அணிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம், மேலே போவது இரண்டு. மஞ்சளை மற்ற மூவருமே ஜெயித்துவிட்டார்கள். சிவப்பு நீலத்தை 2-1 என்று ஜெயித்தது, நீலம் பச்சையை 4-1 என்று ஜெயித்தது. கடைசி ஆட்டம் சிவப்புக்கும் பச்சைக்கும். அதில் பச்சை 3-2 என்று ஜெயித்தால் மூவரும் தலா 6 புள்ளி. இப்போது மஞ்சளோடு ஆடிய ஆட்டங்களை ஒதுக்கிவிட்டு, இந்த மூவருக்குள் நடந்ததை மட்டும் எடுத்துத் தனிப் பட்டியல் போடுவார்கள். மஞ்சளுக்கு யாராவது 15 கோல் போட்டிருந்தாலும் அது இங்கே செல்லாது. மூவருக்கும் ஒரு வெற்றி, ஒரு தோல்வி, ஆகவே கோல் வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும்: நீலம் கூட்டல் 2, சிவப்பு பூஜ்யம், பச்சை கழித்தல் 2. நீலமும் சிவப்பும் மேலே போகும். கடைசி ஆட்டத்தில் ஜெயித்த பச்சை வீட்டுக்கு.

சரி, இப்போது அந்தக் கடைசி ஆட்டத்தின் கடைசி நிமிஷத்துக்குப் போவோம். சிவப்பு 2-3 என்று பின்தங்கி இருக்கிறது. சாதாரணமாக இப்படிப்பட்ட நேரத்தில் பயிற்சியாளர் கோல்கீப்பரை வெளியே கூப்பிட்டு, வழக்கமான ஐந்து ஆட்டக்காரர்களோடு ஆறாவதாக ஒருவரை உள்ளே விடுவார். சிவப்பு அப்படிச் செய்து, காலியான கோலில் பச்சை ஒன்று போட்டுவிட்டால் 4-2. சிவப்பு கழித்தல் 1, பச்சையும் கழித்தல் 1. நீலம் தனியாக மேலே போய்விட, மீதி இருவரில் நேருக்கு நேர் ஜெயித்தவர் யார் என்று பார்ப்பார்கள். பச்சைதான். சிவப்பு வெளியே! அதாவது கோல்கீப்பரை அப்படியே நிற்க வைத்து ஒரு கோலில் தோற்றிருந்தால் அடுத்த சுற்றுக்குப் போயிருக்கும் அணி, சமன் செய்யப் போய் எல்லாவற்றையும் இழக்கிறது.

இதே கணக்கு பச்சைக்குத் தலைகீழ். ஜெயித்துக்கொண்டிருக்கும் அணி, இன்னும் ஒரு கோல் கட்டாயம் வேண்டும் என்று தன் கோல்கீப்பரை எடுக்க வேண்டிய நிலை வரும். பார்வையாளர் கூட்டத்தில் பாதிப் பேருக்கு என்ன நடக்கிறது என்றே புரியாது. ஆட்டக்காரர்கள் பெஞ்சில் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள், பயிற்சியாளர் கையில் ஒரு துண்டுச் சீட்டு. அந்த மாதிரி ஞாயிற்றுக்கிழமைகளுக்காகவே இந்தக் குறுந்தொடர் முறையை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

திருச்சி: மூன்று நாளும் ஒரே கோல்கீப்பர்தான் நிற்பாரா?

பல கிளப்புகளில் ஆமாம். ஓர் அணி இரண்டு கோல்கீப்பர்களைப் பதிவு செய்யலாம், ஆனால் சிறிய கிளப்பில் முதலாமவருக்கும் இரண்டாமவருக்கும் இடைவெளி பெரிதாக இருக்கும். விவரமான பயிற்சியாளர், பிரிவிலேயே பலவீனமான அணி எந்த நாளில் வருகிறது என்று பார்த்து, அன்றைக்கு இரண்டாமவரை நிறுத்துவார். ஆட்டக்காரர்கள் பக்கமும் இதே கதைதான். கோல்கீப்பர்களைத் தவிர 20 பேர் வரை சேர்க்கலாம், பெரிய கிளப்புகள் நான்கு லைன் (ஒன்றாகக் களத்தில் இறங்கும் குழு) முழுசாகக் கொண்டுவரும். ஒரு லைன் சுமார் முக்கால் நிமிஷம் முழு வேகத்தில் ஆடிவிட்டு வெளியேற, அடுத்தது உள்ளே குதிக்கும். இரண்டே லைனோடு வரும் கிளப்புக்கு மூச்சு வாங்கவே நேரம் இருக்காது. நீங்கள் ஓர் ஆட்டத்தைப் பார்க்கும்போது பக்கை (ஆட்டக்காரர்கள் அடிக்கும் ரப்பர் வட்டு) மட்டும் தொடராமல் பெஞ்சையும் கவனியுங்கள், யார் களைத்திருக்கிறார்கள் என்பது கோல் விழுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

சேலம்: பெண்கள் ஆட்டத்தில் உடம்பால் மோதக்கூடாது என்கிறார்களே, உண்மையா?

நீண்ட காலம் அப்படித்தான், ஆண்கள் ஆட்டத்தில் செல்லுபடியாகும் மோதலுக்குப் பெண்கள் ஆட்டத்தில் இரண்டு நிமிஷம் தண்டனை. ஸ்வீடனின் முதல்நிலை லீக் 2022-23 சீசனிலிருந்து மோதலை அனுமதித்தது, அது பெரிய மாற்றம். நான் அதை ஆதரிக்கிறேன். முன்பு நடுவர் எதை மோதல் என்பார், எதைத் தோள்தட்டல் என்று விடுவார் என்று ஆட்டக்காரர்களுக்கே தெளிவில்லாமல் இருந்தது. சின்ன வயதிலிருந்தே முறையாகச் சொல்லிக்கொடுத்தால் மோதலை வாங்கவும் பழகிவிடுவார்கள்.

யாழ்ப்பாணம்: 2015-க்குப் பிறகு நாடு கடந்து ஆடுவதே நின்றுவிட்டதா அக்கா?

இல்லை, நிற்கவில்லை. அந்தக் கோப்பை நின்றது, அது எனக்கு இன்றுவரை வருத்தம்தான். ஆண்களுக்கு 2014-ல் சாம்பியன்ஸ் ஹாக்கி லீக் புதிதாகத் தொடங்குகிறது, அடுத்த வருஷமே பெண்களின் கோப்பை முடிந்துபோகிறது. இதை அக்கறை இல்லாமை என்றுதான் சொல்வேன்.

ஆனால் நடு ஐரோப்பாவில் ஐரோப்பியப் பெண்கள் ஹாக்கி லீக் என்று ஒன்று 2004-ல் தொடங்கியது, அது தொடர்ந்து ஓடுகிறது. இதில் நாட்டுக்கு ஒரு சாம்பியன் என்ற கட்டுப்பாடு இல்லை. ஆஸ்திரியா, ஹங்கேரி, ஸ்லோவேனியா, ஸ்லோவாக்கியா, இத்தாலி போன்ற நாடுகளில், தனியாக ஒரு பலமான லீக் நடத்தப் போதுமான பெண்கள் அணிகள் இல்லை. எனவே ஒன்றாகச் சேர்ந்து ஒரே லீக் நடத்துகிறார்கள். வியன்னாவின் சேபர்ஸ் பல பட்டங்கள் வென்ற அணி. கசகஸ்தானின் ஐசுலு அல்மாட்டி கூட இதில் ஆடியிருக்கிறது. அல்மாட்டிக்கும் வியன்னாவுக்கும் நடுவே நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல்! அவ்வளவு தூரம் வந்தால் ஓர் ஆட்டத்தோடு திரும்ப முடியாது, ஒரே பயணத்தில் பல ஆட்டங்களை முடித்துக்கொண்டுதான் போவார்கள்.

இந்த லீக் என்ன சாதித்தது என்று கேட்டால் ஹங்கேரியைக் காட்டுவேன். கே.எம்.ஹெச். புடாபெஸ்ட், எம்.ஏ.சி. புடாபெஸ்ட் இரண்டும் இங்கே வாராவாரம் வெளிநாட்டு அணிகளோடு மோதின. 2019-ல் புடாபெஸ்டிலேயே நடந்த இரண்டாம்நிலை உலகப் போட்டியை ஹங்கேரி வென்றது, 2021-ல் கால்கரியில் முதல் முறையாக மேல்நிலைப் பிரிவில் ஆடியது. தேசிய அணி மேலே வந்ததற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனாலும் வருஷம் முழுக்கச் சமபலமான ஆட்டம் கிடைக்காத நாட்டிலிருந்து இப்படி ஓர் அணி எழும்பி வந்ததை நான் பார்த்ததில்லை.

ஈரோடு: இவர்களுக்குச் சம்பளம் உண்டா?

ஸ்வீடனில் ஒரு பகுதியினருக்கு உண்டு. நடு ஐரோப்பிய லீக்கில் பெரும்பாலானவர்கள் படிப்போ வேலையோ வைத்துக்கொண்டு மாலையில் பயிற்சிக்கு வருகிறவர்கள். அதனால்தான் ஆட்டங்கள் எல்லாம் வாரக் கடைசியிலேயே குவிகின்றன.

சூரிச்சிலிருந்து ஒரு அம்மா: என் மகளுக்கு எட்டு வயது, பள்ளித் தோழிகளோடு ஸ்கேட்டிங் போய்விட்டு இப்போது ஹாக்கி ஆட வேண்டும் என்கிறாள். பையன்களோடுதான் ஆட வேண்டுமாம். சேர்க்கலாமா?

தாராளமாகச் சேருங்கள் அம்மா. நீங்கள் இருக்கும் நாட்டில் பெண் குழந்தைகள் பையன்களோடு சேர்ந்து ஆடி வளர்வது வழக்கம். சுவிஸ் தேசிய அணியின் அலினா முல்லர், சூரிச் பக்கத்து க்ளோட்டனில் பையன்கள் அணியில் ஆடி வளர்ந்தவர்தான். 2014 சோச்சி ஒலிம்பிக்கில் வெண்கலத்துக்கான ஆட்டத்தில் சுவிட்சர்லாந்து ஸ்வீடனை 4-3 என்று வென்றபோது அந்த நான்கு கோலில் ஒன்று அவருடையது, வயது 15. அதே அணியின் கோல்கீப்பர் ஃப்ளோரன்ஸ் ஷெல்லிங் தொடரின் மிகச் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வானார், பிறகு 2020-ல் எஸ்.சி. பெர்ன் என்ற பெரிய ஆண்கள் கிளப்புக்கே மேலாளராகப் போனார். உங்கள் ஊரிலேயே ஸெட்.எஸ்.சி. லயன்ஸ் பெண்கள் அணி இருக்கிறது, மகளை ஒரு நாள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

செலவு ஒன்றுதான் யோசனை. எட்டு வயதில் எல்லாம் புதிதாக வாங்க வேண்டாம், ஆறு மாதத்தில் கால் அளவு மாறிவிடும். பழைய ஸ்கேட்டும் கவசமும் கிடைக்குமா என்று கிளப்பிலேயே கேளுங்கள். தலைக்கவசத்தில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள், அது புதிதாகவே இருக்கட்டும். முகம் முழுக்க மூடும் கம்பி வலையும் அவசியம்.

மதுரை மாணவர் மறுபடியும்: கிளப் ஆட்டம் இவ்வளவு நடந்தும் ஐரோப்பா கனடாவையும் அமெரிக்காவையும் ஜெயிக்க முடியவில்லையே?

2019 ஏப்ரல், எஸ்போ நகரம், உலகப் போட்டி. ஃபின்லாந்து அரையிறுதியில் கனடாவை 4-2 என்று வென்றது. அணித் தலைவர் யென்னி ஹீரிகோஸ்கி, அப்போது ஸ்வீடனின் லூலியோ கிளப்பின் தூண். இறுதியில் அமெரிக்காவோடு 1-1. கூடுதல் நேரத்தில் பெத்ரா நியமினன் பக்கை உள்ளே தள்ள, அரங்கமே எழுந்தது, ஆட்டக்காரர்கள் கையுறைகளை வீசிவிட்டுக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நடுவர் காணொளியைப் பார்த்து, கோல்கீப்பருக்கு இடையூறு என்று கோலை ரத்து செய்தார். ஷூட்-அவுட்டில் அமெரிக்கா ஜெயித்தது. அந்த முடிவு தவறு என்றே நான் இன்றும் நினைக்கிறேன், கோல்கீப்பர் தானே முன்னால் வந்து மோதினார். உலகப் போட்டியின் இறுதிக்கு ஓர் ஐரோப்பிய அணி வந்தது அதுவே முதல் முறை.

இப்போது புதிய சவால் வேறு. 2024 ஜனவரியில் வட அமெரிக்காவில் பெண்களுக்கான தொழில்முறை லீக் தொடங்கியதும் முல்லர் உட்பட ஐரோப்பாவின் சிறந்தவர்கள் பலர் அங்கே போய்விட்டார்கள். அவர்களுக்கு நல்லதுதான். இங்குள்ள கிளப்புகளுக்கு அந்த இடத்தை நிரப்ப நேரம் பிடிக்கும்.

தஞ்சாவூர்: இந்த சீசனைப் பார்க்க எங்கிருந்து தொடங்கலாம்?

லீக்குகள் செப்டம்பர் வாக்கில் தொடங்கி மார்ச்சில் பட்டத்துக்கான பிளே-ஆஃப் சுற்று வரை போகும், நடுவில் தேசிய அணிகளுக்காக இடைவேளைகள் வரும். புதிதாகப் பார்ப்பவர் ஸ்வீடனின் லீக்கில் தொடங்குங்கள், வேகம் அங்கேதான் அதிகம். ஒரே இரண்டு அணிகள் சனி, ஞாயிறு தொடர்ந்து மோதும் வாரம் ஏதாவது இருந்தால் இரண்டு ஆட்டத்தையும் பாருங்கள். முதல் நாள் தோற்றவர் இரண்டாம் நாள் எந்த லைனை மாற்றினார், பவர் பிளேயில் (எதிரணியில் ஒருவர் தண்டனையில் வெளியே இருக்கும் நேரம்) யாரை வலைக்கு முன்னால் நிறுத்தினார் என்று குறித்துவைத்து எழுதுங்கள், அதிலிருந்து பேசலாம்.