தையல் வகுப்பும் கூலி உயர்வும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உழைக்கும் பெண்களுக்கென்று மேலைநாடுகளில் இயங்கிய மன்றங்கள், நூலகங்கள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நீங்கள் அவற்றைப் பாராட்டியிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தொடங்கியவர்களில் பெரும்பாலோர் வசதியான வீட்டுச் சீமாட்டிகள். தொழிற்சாலைப் பெண் கூலி உயர்வு கேட்டாள். அவர்கள் தையல் வகுப்பும் நல்லொழுக்கப் புத்தகமும் கொடுத்தார்கள். அவளைத் தொழிற்சங்கத்தின் பக்கம் போகவிடாமல் தடுப்பதுதானே நோக்கம்? இதில் கொண்டாட என்ன இருக்கிறது?

க.

அன்புள்ள க.,

உங்கள் சந்தேகம் நியாயமானது. சொல்லப்போனால், உங்கள் தரப்புக்கு என்னிடமே ஒரு நல்ல சாட்சி இருக்கிறது.

1909 மார்ச்சில் ஸ்பெயினின் பார்சிலோனாவில், சாந்தா அன்னா தேவாலயப் பங்கைச் சார்ந்து பெண்களுக்கான மக்கள் நூலகம் ஒன்று திறக்கப்பட்டது. பெண்களுக்கென்றே ஐரோப்பாவில் அமைந்த முதல் பொது நூலகம் என்று அதைக் குறிப்பிடுவார்கள். தொடங்கியவர் பிரான்செஸ்கா பொன்னமைசோன். கணவர் வழக்கறிஞர், பார்சிலோனா அமைந்த கத்தலோனியப் பகுதியின் தேசியவாத இயக்கத்தில், பழைமைவாத அணியில் முக்கியமானவர். தொடக்கத்தின் பின்னணியில் இருந்தது ‘நல்ல வாசிப்பு’ இயக்கம். அதாவது, நல்லது எது என்பதைத் திருச்சபை முடிவு செய்யும். அதே ஆண்டு ஜூலையில், மொராக்கோ போருக்கு ஆளனுப்புவதை எதிர்த்து நகரத் தொழிலாளர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். தேவாலயங்களும் கன்னிமடங்களும் எரிந்தன. அதற்குப் பிறகு, தொழிலாளிப் பெண்ணின் கையில் என்ன புத்தகம் இருக்கிறது என்ற கவலை அந்த வட்டாரத்துச் சீமாட்டிகளுக்கு எவ்வளவு கூடியிருக்கும் என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

இதுவரை நீங்கள் சொல்வது சரி. ஆனால் நூலகம் அங்கேயே நின்றுவிடவில்லை. வெகுவிரைவில் அது ஒரு கல்விக்கழகமாக வளர்ந்தது. தட்டச்சு, கணக்கு, மொழிகள் கற்றுக்கொடுத்தார்கள். வேலை தேடித் தரும் பிரிவு வந்தது. 1922இல் சாந்த் பேரா மேஸ் பாய்ஷ் தெருவில் சொந்தக் கட்டடத்துக்குக் குடிபோனார்கள். பக்திப் புத்தகத்தை நம்பி உள்ளே அழைக்கப்பட்ட ஒரு பெண் தட்டச்சு கற்றுக்கொண்டு அலுவலக வேலைக்குப் போனால், அழைத்தவரின் நோக்கம் எதுவாக இருந்தால் என்ன? ஸ்பெயினின் உள்நாட்டுப் போரில் சர்வாதிகாரி பிராங்கோ வென்றபின் அந்தக் கட்டடம் அவரது ஆட்சிக் கட்சியான ஃபலாங்கேயின் பெண்கள் பிரிவிடம் போனது. கத்தோலிக்க நிறுவனம் என்பதால்கூட அது தப்பவில்லை.

யார் தொடங்கினார்கள் என்பதை நீங்கள் அளவுகோலாக வைக்கிறீர்கள். நான் வேறு இரண்டைப் பார்க்கிறேன்: அந்தப் பெண்ணின் நாளில் எத்தனை மணி நேரம் மிச்சம் இருந்தது, மன்றத்தின் பணப்பெட்டி யாரிடம் இருந்தது.

முதலில் நேரம். 1901ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் தொழிற்சாலைச் சட்டப்படி, நெசவாலை அல்லாத இடங்களில் ஒரு பெண்ணை வாரம் 60 மணி நேரம் வரை வேலை வாங்கலாம். பருவகாலத் தொழில்களுக்கு அதற்குமேலும் சலுகை உண்டு. உடை தைப்பது அப்படிப்பட்ட தொழில். விருந்துகள் நடக்கும் மாதங்களில் இரவு வரை ஊசி. மற்ற மாதங்களில் வேலையே இல்லை. இப்படி வந்து உட்காரும் பெண்ணிடம் எந்தப் புத்தகத்தைக் கொடுத்தாலும் தூக்கம்தான் வரும்.

இதை நேருக்கு நேர் கண்டவர்கள் லண்டனின் எம்மலின் பெத்திக், மேரி நீல் இருவரும். மதப்பணி அமைப்பு ஒன்றில் பெண்கள் மன்றம் நடத்திக்கொண்டிருந்தவர்கள், 1895இல் வெளியேறி எஸ்பெரான்ஸ் மன்றத்தைத் தொடங்கினார்கள். பாட்டும் நடனமும் மாலைப் பொழுதைக் கலகலப்பாக்கும், பகலை மாற்றாது என்பது தெரிந்தபோது, அவர்கள் சொந்தமாக ஒரு தையல் நிறுவனத்தையே நடத்தினார்கள். நாளுக்கு எட்டு மணி நேர வேலை, வாரம் குறைந்தது 15 ஷில்லிங் கூலி. கூலி உயர்வு கேட்டவளுக்குத் தையல் வகுப்பு கொடுத்தார்கள் என்கிறீர்களே, இங்கே தையல்காரிக்குக் கூலியையே உயர்த்திக் கொடுத்திருக்கிறார்கள்.

அதே மன்றத்துப் பெண்கள் 1905இல் மோரிஸ் என்னும் கிராமிய நடனத்தைக் கற்று மேடையேற்றினார்கள். பின்னர் அவர்களே சம்பளம் வாங்கும் ஆசிரியைகளாக இங்கிலாந்தின் ஊர்களுக்குப் போய் அதைக் கற்பித்தார்கள். லண்டன் தையல்காரிகளிடமிருந்து கிராமத்து நடனத்தைக் கிராமங்கள் கற்றுக்கொண்ட இந்த விசித்திரம் எனக்கு மிகவும் பிடிக்கும். எம்மலின் பெத்திக், திருமணத்துக்குப் பிறகு பெத்திக்-லாரன்ஸ் என்ற பெயரில், பெண்கள் வாக்குரிமைக்காகப் போராடிய சங்கத்தின் பொருளாளராகிச் சிறைக்கும் போனார். தொழிலாளிப் பெண்களை அடக்கி வைக்க வந்தவர் என்று இவரைச் சொல்ல முடியாது.

அடுத்தது பணப்பெட்டி. சிகாகோவில் ஒரு காலணித் தொழிற்சாலையில் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, ஜேன் ஆடம்ஸ் ஏழைத் தொழிலாளர் பகுதியில் நடத்திய சமூகப்பணி இல்லமான ஹல் ஹவுஸில் கூடிப் பேசினார்கள். முதலில் பயந்து வேலைக்குத் திரும்பியவர்கள் யாரென்று பார்த்தால், வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் பணம் கட்டித் தங்கியிருந்த பெண்கள். பாக்கி அதிகம் விழுந்தால் விடுதிக்காரி பெட்டியை வெளியே வைத்துவிடுவாள். நமக்கென்று ஒரு விடுதி இருந்தால் இப்படிப்பட்ட நேரத்தில் ஒருவரையொருவர் தாங்கலாமே என்று அவர்களில் ஒருத்தி கேட்டதிலிருந்துதான் ஜேன் கிளப் பிறந்தது. முதல் மாத வாடகையையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் ஹல் ஹவுஸ் ஏற்றது. மற்றபடி உறுப்பினர்களின் சந்தாவில், அவர்களின் நிர்வாகத்தில் நடந்தது. தொழிற்சங்கத்திடமிருந்து பிரித்து வைப்பதற்கு அல்ல, வேலைநிறுத்தத்தில் தாக்குப்பிடிப்பதற்காகவே உண்டான மன்றம் இது.

பின்னர் இதற்குக் கட்டடம் கட்ட 20,000 டாலர் நன்கொடை தர ஒருவர் முன்வந்தார். தன்னிடம் வேலை செய்யும் பெண்களுக்கு அற்பக் கூலி கொடுப்பதற்குப் பேர்போன ஆசாமி. ஹல் ஹவுஸ் மறுத்துவிட்டது. உங்கள் கேள்வியை அவர்கள் அன்றைக்கே தங்களைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

எல்லா இடத்திலும் இப்படி மறுக்க முடிந்ததா என்றால், இல்லை. ஜேன் எட்னா ஹண்டர் பயிற்சி பெற்ற செவிலி, கறுப்பினப் பெண். 1905இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகருக்கு வந்தபோது அவருக்குக் கௌரவமாகத் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. வெள்ளைப் பெண்களுக்கான விடுதி இவரைச் சேர்த்துக்கொள்ளாது. 1911இல் தன்னைப் போன்ற உழைக்கும் பெண்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு, வாரம் ஆளுக்கு ஐந்து சென்ட் என்று சேமிக்க ஆரம்பித்தார். பின்னர் பிலிஸ் வீட்லி சங்கமாக வளர்ந்தது அதுதான். ஆனால் ஐந்து சென்ட்டுகளைச் சேர்த்து வீடு எடுக்க எத்தனை காலம் ஆகும்? பணமுள்ள வெள்ளையர்களின் உதவியை நாடினார். நிர்வாகத்தில் அவர்களுக்கு இடம் கொடுத்தார். தனி விடுதி கட்டுவது ஒதுக்கி வைப்பதற்கு நாமே துணைபோவதாகும் என்று கறுப்பினத் தலைவர்கள் சிலர் கடுமையாக எதிர்த்தார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் உண்டு. ஆனாலும் அன்றிரவு ரயிலில் வந்திறங்கும் பெண்ணுக்கு ஒரு கட்டில் வேண்டும். நான் ஹண்டரின் பக்கம்தான் நிற்பேன்.

இந்த மன்றங்களில் எனக்கு உண்மையாகவே உறுத்துவதை நீங்கள் கேட்கவில்லை. அக்கால பிரிட்டனில் மிக அதிகமான பெண்கள் செய்த வேலை தையலோ நெசவோ அல்ல, வீட்டுவேலை. வேலை செய்யும் வீட்டிலேயே தங்கியவர்கள். வாரத்தில் ஓர் அரைநாள் விடுப்பு கிடைத்தால் பெரிது. மாலை எட்டு மணி வகுப்பு இவர்களுக்கு எந்த வகையிலும் எட்டாது. மன்றத்துச் சீமாட்டி கூட்டத்துக்குக் கிளம்ப வேண்டுமானால், அவள் வீட்டில் இரவுச் சாப்பாட்டைச் சமைத்துப் பாத்திரம் கழுவ ஒருத்தி இருந்தாக வேண்டும். உங்கள் கோபத்தை அந்தச் சமையலறைப் பக்கம் திருப்புங்கள். அங்கே உங்களை மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.