பொதுப் பள்ளிகள் ஆலைக்கு ஆள் தயாரிக்கத்தான் உருவாக்கப்பட்டனவா?

இணையத்தில் சுற்றும் காணொளியைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 'மணியடித்தால் உட்கார், மணியடித்தால் எழு, எல்லாம் ஆலைப் பயிற்சி' என்பது அதன் சாரம். காலவரிசையே அதற்கு ஒத்துவரவில்லை.

இன்றைய ஜெர்மனியின் பக்கம் இருந்த பிரஷ்ய அரசின் மன்னர் இரண்டாம் பிரெடரிக் கட்டாயப் பள்ளிச் சட்டம் போட்டது 1763இல். அப்போது அங்கே ஆலை ஏது? பெரும்பாலும் உழவர்கள். வேதம் படிக்கவும் அரசனுக்கு அடங்கி நடக்கவும் குடிகள் வேண்டும் என்பதே நோக்கம். இங்கிலாந்தில் 1833இன் தொழிற்சாலைச் சட்டம், நெசவாலையில் வேலை செய்த 9 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்குத் தினம் 2 மணி நேரம் படிப்பு தரவேண்டும் என்றது. பிள்ளைகளைப் படிப்பிலிருந்து பிடுங்கியது ஆலை. கொஞ்சமாவது மீட்கப் பார்த்தது சட்டம். அடங்கி நடக்கும் பழக்கத்தைப் பள்ளி ஊட்டவில்லை என்று நான் சொல்லவில்லை, அதற்காக யாரும் சண்டைக்கு வரவேண்டாம்.

தென்னாப்பிரிக்காவில், எங்கள் நேட்டாலில் கதையே வேறு. 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் பிள்ளைகள் படித்தாகவேண்டும் என்ற அவசரம் முதலாளிக்கு இல்லை. பின்னாளில் பெருகிய 'ஸ்டேட்-எய்டெட்' (அரசு உதவி பெறும்) பள்ளிகள் எழுந்த விதத்தைப் பாருங்கள். ஊர்க்காரர்கள் கமிட்டி போட்டு, நிலம் தேடி, காசு திரட்டுவார்கள். கட்டடச் செலவில் ஒரு பங்கையும் ஆசிரியர் சம்பளத்தையும் அரசு தரும். பிள்ளைகள் பெருகிய வேகத்துக்கு வகுப்பறை பெருகவில்லை. அதனால் காலையில் ஒரு கூட்டம், மதியம் இன்னொரு கூட்டம் என்று ஒரே அறையில் 'பிளட்டூன்' முறையில் நடத்தினார்கள். மதிய முறைப் பிள்ளைகள் வருவதற்குள் களைத்திருப்பார்கள், அறையோ அனலாயிருக்கும். ஆலைக்கு ஆள் தேவைப்பட்ட அரசு கட்டிய பள்ளிகளா இவை? தாத்தா பாட்டிமார் பென்னி பென்னியாகச் சேர்த்துக் கட்டியவை.

கேட்டது இதுவல்ல என்றாலும் சொல்லிவிடுகிறேன். இப்படிக் கட்டிய பள்ளிகள் பலவற்றில் இன்று தமிழ் இல்லை. கேட்கப் போகும் பெற்றோரிடம், 'வகுப்புக்கு 40 பேர் சேர்த்து வாருங்கள்' என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். பள்ளிகளின் மொழிக் கொள்கை பற்றிய 1997ஆம் ஆண்டு அரசு விதிமுறையில் அந்த எண் இருப்பது உண்மை: 1 முதல் 6ஆம் வகுப்பு வரை 40, 7 முதல் 12 வரை 35. ஆனால் அது பயிற்றுமொழிக்கு. தமிழை ஒரு பாடமாகக் கேட்பவருக்கு அதைக் காட்டித் தடுப்பது சரியல்ல. தென்னாப்பிரிக்காவின் 1996 அரசியலமைப்பின் 6ஆம் பிரிவு தமிழின் பெயரைச் சொல்லியே அதை வளர்க்க வேண்டும், மதிக்க வேண்டும் என்கிறது.

வாய்மொழியாகக் கேட்காதீர்கள். மொழிக் கொள்கையை வகுப்பது பள்ளி ஆளுகைக் குழு; அதில் பெற்றோர்தான் பெரும்பான்மை. பள்ளிக் கல்விச் சட்டங்களை மாற்றிய 2024 திருத்தச் சட்டத்துக்குப் பிறகு மாகாணக் கல்வித் துறையின் ஒப்புதலும் வேண்டும். ஆகவே கையெழுத்துகளோடு மனுவைக் குழுவிடம் கொடுத்து, தேதியிட்ட ரசீது வாங்கி, நகலைத் துறைக்கும் அனுப்புங்கள். ஆசிரியர் யார், சம்பளம் எங்கிருந்து என்பதையும் மனுவிலேயே எழுதுங்கள். பெரும்பாலும் அங்கேதான் மனு படுத்துவிடுகிறது.