உபுண்டு லினக்ஸ் 20.04-இலிருந்து 22.04-க்கு மாறியதும் 'லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1 இல்லை' என்று வருகிறது. புது லைப்ரரிக்கு அந்தப் பெயரில் சிம்லிங்க் (இன்னொரு ஃபைலைச் சுட்டும் பெயர்) போட்டால் போதுமா?

போடாதீர்கள். காலையில் ஆட்கள் வருவதற்குள் சர்வரை ஓட வைக்க வேண்டிய அவசரத்தில் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். லிப்எஸ்எஸ்எல் என்பது ஓபன்எஸ்எஸ்எல் என்கிற மறையாக்க லைப்ரரியின் பகுதி; 22.04-இல் இருப்பது ஓபன்எஸ்எஸ்எல் 3. பெயரை மட்டும் மாற்றி வைத்தால், புரோகிராம் தேடுகிற 1.1 காலத்து சிம்பல்கள் (ஃபங்ஷன் பெயர்கள்) அதற்குள் கிடைக்காமல் வேறொரு பிழையோடு நிற்கும். ரூபி, பைத்தான் மாதிரி நீங்களே கம்பைல் செய்தது என்றால் மறுபடி கம்பைல் செய்யுங்கள். சோர்ஸ் இல்லாததா? பழைய லைப்ரரியைத் தனி டைரக்டரியில் வைத்து, அந்த ஒரு புரோகிராமுக்கு மட்டும் வழி காட்டுங்கள். 1.1.1-க்குப் பொது ஆதரவு 2023 செப்டம்பரிலேயே முடிந்துவிட்டது, அதனால் அதையும் நீண்ட நாள் வைத்திருக்காதீர்கள்.

உங்களுக்குப் பிழையாவது வந்தது. எனக்கு வரவில்லை. 18.04-இலிருந்து 20.04-க்கு ஏற்றினேன். எல்டிடி (புரோகிராமுக்கு வேண்டிய லைப்ரரிகளைக் காட்டும் கமாண்ட்) போட்டுப் பார்த்தேன், எல்லா லைப்ரரியும் இருந்தது. போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் அதே பதிப்பு, அதே டேட்டா. நிம்மதியாகப் படுத்தேன். நான்காம் நாள் கணக்குப் பிரிவு அக்கா கூப்பிட்டு, "தம்பி, ஒரே பில் நம்பர் ரெண்டு தடவை ஏறியிருக்கு" என்றார். ஒரே மதிப்பு இரண்டு தடவை ஏறாமல் தடுக்கிற யூனிக் இன்டெக்ஸ் இருக்கும்போது எப்படி ஏறும்? இரண்டு நாள் மண்டை காய்ந்தது.

காரணம் ஜிலிப்சி, லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி. அதன் 2.28 பதிப்பில் எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதிகள் மாறின. எங்கள் டேட்டாபேஸ் ஆங்கில லொகேலில் (மொழி அமைப்பில்) இருந்தது. முன்பு '11'-க்குப் பின்னால் வந்த '1-1' இப்போது முன்னால் வருகிறது. எங்கள் பில் எண்களில் நிறைய கோடுகள். பழைய வரிசையில் கட்டிய இன்டெக்ஸில் புது வரிசைப்படி தேடினால், இருப்பதையே இல்லை என்கிறது; அதனால் அதே எண் மறுபடி ஏறிவிடுகிறது. இரட்டைப் பதிவுகளைக் கையால் நீக்கி, எல்லா டெக்ஸ்ட் இன்டெக்ஸையும் ரீஇன்டெக்ஸ் செய்தோம், அதாவது புதிதாகக் கட்டினோம்.

"கன்டெய்னரில் போட்டிருக்கலாமே" என்று யாராவது எழுதுவார்கள். கன்டெய்னருக்குள்ளும் ஒரு லினக்ஸ்தான் இருக்கிறது; அதன் அடிப்படை இமேஜில் டெபியன் (இன்னொரு லினக்ஸ்) பதிப்பு மாறினால் அங்கேயும் இதே கதைதான். "ரிலீஸ் நோட்ஸ் படிக்கவில்லையா" என்பார்கள். போஸ்ட்கிரஸுடையதைப் படித்தேன். ஜிலிப்சியுடையதையும் படிக்க வேண்டும் என்று அப்போது தோன்றவில்லை.

அந்த வருடம் அப்ரைசலில் புது டாஷ்போர்டு செய்தவருக்கு நல்ல ஹைக். டேட்டாவைக் காப்பாற்றிய எங்கள் இருவருக்கும் "எதிர்பார்த்த அளவு" என்று ஒரு வரி. இன்னும் ஆறவில்லை.

சரி, உங்கள் சர்வரில் போஸ்ட்கிரஸ் இருந்தால், 20.04-க்கு வந்தபோது ரீஇன்டெக்ஸ் செய்தார்களா என்று இன்றே கேளுங்கள்.